சம்பா கோவிலின் வடக்குச் சுவர்

சனி, ஞாயிறு மாலைகளில் புதுச்சேரி மிஷன் வீதியில் நடந்தவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். துணிக்கடை வாசலில் நிறுத்திய இருசக்கர வாகனங்கள், நேரு வீதியிலிருந்து வழிந்து வரும் கூட்டம், பெரிய மார்க்கெட்டுக்குப் போகும் தள்ளுவண்டிகள், கைப்பேசியை உயர்த்திப் படமெடுக்கும் வெளியூர் இளைஞர்கள். இவ்வளவுக்கும் நடுவே இரட்டைக் கோபுரத்தோடு நிற்கிறது தூய ஜென்மராக்கினி அன்னை பேராலயம். ஊர்க்காரர்களின் வாயில் அது இன்னமும் சம்பா கோவில்தான். இயேசு சபைப் பாதிரியார்களைத் தூய பவுலின் பெயரால் அழைத்த காலத்தில் ‘சான் பவுலோ’ என்ற போர்த்துகீசிய உச்சரிப்பு தமிழ் நாக்கில் புரண்டு ‘சம்பா’ ஆனது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரர் பகுதியில் கப்புச்சின் துறவிகள் நடத்திய கோவில் ‘கப்ஸ் கோவில்’ ஆனதும் இப்படித்தான்.

ஒவ்வொரு டிசம்பர் 8-ஆம் தேதியும் இங்கே பெருவிழா. விழாவை ஒட்டிச் சிறு வெளியீடுகள் வரும், நாளிதழ்களில் கோவில் வரலாறு வரும். சுற்றுலா வழிகாட்டிகள் கோவிலை எப்படி விளக்குகிறார்கள் என்று நாமும் சில முறை ஓரமாக நின்று கேட்டிருக்கிறோம். நான்கு முறை கட்டப்பட்டது, டச்சுக்காரர் இடித்தது, ஆங்கிலேயர் இடித்தது, பிரெஞ்சுப் பாணி முகப்பு என்று சொல்வதில் பெரிய பிழை எதுவும் இல்லை. இந்தக் கோவிலுக்குள்ளேயே ஒரு காலத்தில் ஒரு சுவர் இருந்தது என்பதை மட்டும் அவர்களில் ஒருவரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

அந்தச் சுவரைப் பற்றி நமக்குச் சொல்பவர் தலித்தும் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். பெரிய மார்க்கெட்டை ஒட்டிய வீட்டில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சுக் கம்பெனியின் வணிகர், 1747 முதல் தலைமைத் துபாஷி, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். சாதி ஒழுங்கு குலையக் கூடாது என்று மனதார நம்பியவர். ஆகவே அவர் நமக்காக எதையும் கூட்டிச் சொல்லியிருக்க வழியில்லை.

1745 அக்டோபரில் நடந்ததாக அவர் எழுதுவது இது. காரைக்காலிலிருந்து ஒரு பாதிரியார் சம்பா கோவிலுக்கு வருகிறார். கோவிலுக்குள் வடபுறத்தில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் ஐரோப்பியர்களும். நம் மக்கள் அந்தப் பாதிரியாரிடம் முறையிடுகிறார்கள். எங்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்துத்தானே சேர்த்துக்கொண்டீர்கள், ஒரே ஆண்டவருக்குப் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு நடுவில் எதற்குச் சுவர் என்பது அந்த முறையீட்டின் சாரம். பாதிரியார் அதில் நியாயம் இருப்பதைக் கண்டு சுவரை இடித்துவிடுகிறார். எல்லோரும் கலந்து உட்காருகிறார்கள்.

நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறோம். தலித் விடுதலை வரலாற்றைச் சொல்லும்போது வழக்கமாக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் காலத்திலிருந்து தொடங்குகிறோம். இதழ்களும் சங்கங்களும் விண்ணப்பங்களும் கிடைப்பது அப்போதிலிருந்துதான் என்பதால் அப்படித் தொடங்குவதில் காரணம் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, எழுதப் படிக்க வழியில்லாத சேரி மக்கள் ஒரு பொது இடத்தில் திரண்டு சமத்துவம் கேட்டிருக்கிறார்கள். கேட்டதோடு நில்லாமல் பெற்றும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எதையும் பிள்ளை எழுதவில்லை. எதிர்த்தவர்களின் பெயர்கள்தான் அந்தக் குறிப்பிலிருந்து நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

எதிர்ப்பு உடனே வந்தது. அதே சமயத்தில் மெல்லிய மஸ்லின் உடுத்தி நகைகள் பூண்டு வந்த ஒரு பணக்கார வீட்டுப் பெண்ணையும் அந்தப் பாதிரியார் கடிந்துகொள்கிறார். கோவிலுக்கு வரும் கோலமா இது என்று. சுவரை இடித்தவர் பெண்ணின் உடுப்பை அளக்கவும் செய்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சாதிக் கிறிஸ்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து கோபம். கூடிப் பேசுகிறார்கள், பாதிரியாரோடு மோதுகிறார்கள், இனி கோவிலுக்கு வரமாட்டோம் என்கிறார்கள். விவகாரம் ஆளுநர் துப்ளேக்ஸ் வரை போகிறது. அப்போது கம்பெனியின் தலைமைத் துபாஷி கனகராய முதலியார், அவரும் கிறிஸ்தவர். மறைந்த மகன் நினைவாக ஒழுகரையில் அவர் கட்டிய புனித அந்திரேயா கோவிலின் விழா அடுத்த மாதக் கடைசியில் நடந்தது. அந்த விருந்தையும் பிள்ளை விவரமாகவே எழுதியிருக்கிறார். இன்ன சாதியாருக்கு இன்ன இடத்தில் சமையல், இன்னார் கையால் பரிமாறல் என்று ஏற்பாடு. பங்குத்தந்தை ஒரு சுவரை இடித்துவிடலாம், ஊர்ப் பந்தியை யார் இடிப்பது?

சுவர் திடீரென ஒரு நாளில் முளைத்ததல்ல. அதற்கு முன் ஒரு நூற்றாண்டுச் சிந்தனை இருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி பிராமணச் சந்நியாசி வேடம் பூண்டார். மேல்சாதியாரைச் சேர்க்க வேண்டுமானால் கீழ்ச்சாதியாரோடு பழகக் கூடாது என்பது அவர் கணக்கு. 1640-இல் பண்டாரசுவாமி என்ற இரண்டாவது வகைத் துறவியரை அதே சபை உருவாக்கியது. பிற சாதியாரிடம் போகிறவர்கள் அவர்கள். தமிழ் உரைநடைக்கு நொபிலி செய்த தொண்டைத் தமிழ் படித்தவர்களாகிய நாம் மறுக்கவில்லை. ஆனால் நம் துறையில் அந்தப் பாடத்தை நடத்தியவர்கள் ‘தத்துவ போதகர்’ என்ற பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர் எந்தத் தெருவுக்குள் போகவில்லை என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

இந்த முறைக்கு ரோமாபுரியிலேயே எதிர்ப்பு இருந்தது. போப்பாண்டவரின் தூதராக வந்த மையார் தே தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். உடல் நலம் கெட்டதால் உள்நாட்டுக்குப் போகாமல் இங்கேயே தங்கி விசாரித்து, 1704-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, சிறுவயதுத் திருமணம் கூடாது என்பவற்றோடு, நோயுற்ற பறையர் கிறிஸ்தவரின் வீட்டுக்குப் போய்ச் சடங்குகளை நிறைவேற்றப் பாதிரியார்கள் மறுக்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. ஆணை போட வேண்டிய நிலை இருந்தது என்றால், அதுவரை சாகக் கிடந்தவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஓலைக் குடிசைக்குள் பாதிரியார் நுழையமாட்டார். நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும்.

இந்த ‘மலபார் சடங்கு’ வழக்கு நாற்பது ஆண்டு இழுத்தது. 1744 செப்டம்பரில் போப் 14-ஆம் பெனடிக்ட் அதை முடித்து வைத்தார். மேல், கீழ் என்று பாராமல் எல்லாக் கத்தோலிக்கரும் ஒரே கோவிலில் ஒரே நேரத்தில் பூசை காண வேண்டும் என்ற கருத்து அதில் இடம்பெற்றது. அதே கையோடு, பறையர்களுக்கென்றே தனிப் பாதிரியார்களை வைத்துக்கொள்ளும் இயேசு சபையாரின் யோசனைக்கும் அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு அக்டோபரில்தான் காரைக்கால் பாதிரியார் வருகிறார். ரோமாபுரியின் கடிதம் அவர் கையில் இருந்ததா என்பது நமக்கு முக்கியமில்லை. அது கையில் இருந்தாலும், சேரி மக்கள் வாய் திறந்து முறையிட்ட பிறகுதான் சுவர் விழுந்தது.

இந்தக் கோவிலின் கதையில் இன்னொரு இடிப்பும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நம்மைக் கட்சி கட்டுகிறவர்கள் என்பார்கள். சம்பா கோவிலை ஒட்டியே வேதபுரீசுவரர் கோவில் இருந்தது. அதை அகற்ற வேண்டும் என்று இயேசு சபையார் பல பத்தாண்டுகள் வற்புறுத்தி வந்தார்கள். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையைச் சாக்காக வைத்து அது தரைமட்டமாக்கப்பட்டது. துப்ளேக்ஸின் மனைவியின் கையும் அதில் இருந்தது. பிள்ளை மனம் வெதும்பி எழுதிய பக்கங்கள் அவை. இன்று மத அரசியல் பேசுகிறவர்கள் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு வழிபாட்டிடத்தை அதிகாரத்தால் இடிப்பது அநீதி. அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அவர்களிடம் நாம் கேட்பது ஒன்று உண்டு. இடிபடுவதற்கு முந்தின நாள் வரை அந்த ஈசுவரன் கோவிலுக்குள் சேரியிலிருந்து எத்தனை பேர் போய்க் கும்பிட்டார்கள்? ஒரு கோவிலில் சுவருக்கு அப்பால் உட்கார வைத்தார்கள். மற்றொன்றில் வாசலுக்கே வரவிடவில்லை. நாட்குறிப்பின் 1748-ஆம் ஆண்டுப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் 1745-ஆம் ஆண்டுப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து நகரையே தகர்த்தபோது சம்பா கோவிலும் போயிற்று. ஆகவே நம் மக்கள் முறையிட்ட கட்டடம் இன்று இல்லை. இப்போது நாம் பார்ப்பது 1770-இல் தொடங்கி 1791-இல் முடிந்தது. நடுவே 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டு, 1776-இல் பாரிஸ் வேத போதக சபையார் பொறுப்பேற்றார்கள். இருபது ஆண்டுக்கு மேல் நடந்த அந்தக் கட்டுமானத்தில் பொறுப்பு வகித்த ஆயர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. சுண்ணாம்பு அரைத்தவர்களும் செங்கல் சுமந்தவர்களும் யார் என்பது இல்லை. இது சம்பா கோவிலுக்கு மட்டும் உரியதன்று.

சுவர் போனது, பிரிவு போகவில்லை. தமிழகத்தின் பல பழைய கோவில்களில் சுவருக்குப் பதில் கிராதி வந்தது, கிராதிக்குப் பதில் வலது பக்கம் இடது பக்கம் என்ற வழக்கம் வந்தது. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய திருக்குடும்ப ஆலயத்தைப் பார்த்தால் சாதிக்காகவே ஒரு கட்டட வடிவம் கண்டுபிடித்தது தெரியும். இரண்டு நீண்ட கூடங்கள் பலிபீடத்தில் வந்து சேரும், ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘கால்சட்டைக் கோவில்’. வேளாளர் ஒரு காலில், நாடார் உள்ளிட்டோர் மற்றக் காலில். அங்கே சுவர் 1910-இல் இடிந்தது. சீர்திருத்த சபையார் மட்டும் சுத்தம் என்று எண்ண வேண்டாம். 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று எழுதியபோது சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டே விலகினார்கள். ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்பதா என்பதுதான் அவர்கள் சங்கடம்.

இந்தப் பட்டியலில் புதுச்சேரியின் இடம் தனி. இங்கே சுவர் 1745-லேயே விழுந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 ஆண்டுகளுக்கு முன்பு. சமத்துவம் என்ற சொல்லைப் பிரெஞ்சுக்காரரிடம் கற்றோம் என்று இந்த ஊரில் பெருமையாகச் சொல்வதுண்டு. கணக்குப் பார்த்தால் யார் முதலில் கேட்டார்கள் என்பது வேறு மாதிரி இருக்கிறது.

பிரெஞ்சு ஆட்சி நம் மக்களுக்கு ஒரு கதவைத் திறந்தது என்பதும் உண்மை. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, சாதி வழக்கங்களை ஒட்டிய தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம். ‘ரெனோன்சான்’ என்று சொல்லப்பட்ட அவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்தும் கிறிஸ்தவர்களிலிருந்தும் வந்தவர்கள். பிரெஞ்சுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டு படையில் சேர்ந்து சைகோன் வரை போனார்கள். இன்றைக்கும் சில சேரி வீடுகளில் ஓய்வூதியம் பிரான்சிலிருந்து வருகிறது, தாத்தாவின் பதக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. சாதியைக் காகிதத்தில் துறக்க வழி செய்த அதே ஊரில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் காகிதம் செல்லவில்லை. இந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும், இன்னொரு வாரம் எழுதுவோம்.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியராகக் கருதப்படார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைந்தது 1962-இல். இங்கே 1964-இல் வந்த தனி ஆணையும் அதே கோட்டைத்தான் கிழித்தது. அன்று முதல் இந்த ஊரின் தலித் கிறிஸ்தவர் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவர் ஆனார். கோவிலுக்குள் அவர் முன்னூறு ஆண்டாகப் பறையர். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டும் அது போகவில்லை என்பதற்கு நாட்குறிப்பே சாட்சி. வட்டாட்சியர் அலுவலகத்தில் மட்டும் அந்தத் தண்ணீருக்குத் திடீரென்று சக்தி வந்துவிடுகிறது. நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி இல்லை, சான்றிதழும் இல்லை.

1985-இல் உச்ச நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி போனது. கொண்டு போனவர் சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று அவர் மனு தள்ளுபடியானது. சாலையோரத்தில் உட்கார்ந்து அவர் செய்த தொழிலே சான்றாகவில்லை. 2007-இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு நம் புதுச்சேரியிலிருந்தே போனது. அரசுப் பணிக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட பெண் ஒருவர், ஞானஸ்நானம் பெற்றவர், கோவிலுக்குப் போகிறவர் என்ற காரணத்தால் தோற்றார். நம்பிக்கையில்லாமல் சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது தீர்ப்பு.

மோசடி என்ற சொல் நம் தெருக்களில் எப்படி விழுந்தது என்பதை நாம் பார்த்தோம். வீட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழும் குடும்பங்கள் எத்தனையோ. நம்மோடு பல ஆண்டு களப்பணி செய்த அக்கா ஒருவர் தன் மகளின் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனார், நாமும் உடன் போயிருந்தோம். எழுத்தர் விண்ணப்பத்தைப் பார்க்கவில்லை, அக்காவின் கழுத்தைப் பார்த்தார். ஜெபமாலை இருக்கிறதா என்று தேடிய பார்வை அது. “மாதா கோவிலுக்குப் போவீங்களாம்மா?” என்றார். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “போவேன் சார். அங்க போனாலும் எங்க தெருப் பேரச் சொல்லித்தான் சார் கூப்புடுறாங்க” என்றார். விண்ணப்பம் திரும்பி வந்தது. இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பெண் இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள்.

அரசை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுத் திருச்சபையை விட்டுவிட நாம் தயாராக இல்லை. மூன்றாம் பத்தியை நீக்கு என்று ஆயர்களும் தெருவுக்கு வந்து முழக்கமிடுகிறார்கள். வரவேற்கிறோம். அரசிடம் ‘எங்கள் மக்கள் தலித்துகள்தான்’ என்று வாதாடுகிறவர்கள், தங்கள் வீட்டுக்குள் அந்தத் தலித்துகளுக்கு என்ன இடம் கொடுத்திருக்கிறார்கள்? இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, அது பாவம் என்று ஒப்புக்கொண்டது. ஒப்புதல் வாக்குமூலம் நல்லதுதான். ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தைச் சொன்ன பிறகு பரிகாரமும் செய்ய வேண்டும் என்று நமக்கு மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்களே.

புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எல்லைக்குள், உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில் 2008 மார்ச்சில் நடந்ததை மறக்க முடியாது. தனிப் பாதை, தனிச் சுடுகாடு என்று ஒதுக்கப்பட்டிருந்த தலித் கத்தோலிக்கர்கள், நீங்கள் எங்களைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் எங்கள் சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவியுங்கள் என்று கேட்டார்கள். அதற்காக அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. காவல் துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். இறந்தவர்கள் எதிர்த்தரப்புச் சாதிக் கிறிஸ்தவர்கள். அந்த வீடுகளிலும் அழுகை கேட்டது. 1745-இல் நம் முன்னோர் கேட்டது ‘சேர்ந்து உட்காருவோம்’ என்பதை. 263 ஆண்டு கழித்து அவர்களின் சந்ததி கேட்டது ‘தனியாகவாவது விடுங்கள்’ என்பதை. இந்த இரண்டு கோரிக்கைக்கும் இடையில் திருச்சபை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2022 மார்ச்சில் புதிய பேராயர் நியமனம் வந்தபோது தலித் கிறிஸ்தவ அமைப்புகள் தெருவில் இறங்கின. இந்த மண்ணின் விசுவாசிகளில் பெரும்பகுதி நாங்கள், எங்களில் ஒருவர் ஆயராகத் தகுதியற்றவரா என்பது கேள்வி. நியமிக்கப்பட்டவர் மேல் நமக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை, கறுப்புக் கொடி பிடித்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நீண்ட காலம் குருமடங்களின் கதவு யாருக்குத் திறந்திருந்தது என்று பார்த்தால் இன்றைய ஆயர்கள் பட்டியலின் காரணம் விளங்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆந்திர தலித் குடும்பத்தில் பிறந்த ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். ரோமாபுரிக்குத் தகுதி தெரிந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் எட்டிப் பார்க்கும்போது மட்டும் ஏன் தகுதி மங்கிவிடுகிறது?

எதிர்வாதம் ஒன்று நம்மிடம் அடிக்கடி சொல்லப்படுகிறது. நல்ல மனதோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும், இன்று பேராலயத்தில் யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்வதில்லையே, மதவெறி அரசியல் கிறிஸ்தவர்களைக் குறிவைக்கும் காலத்தில் இது எதிரிக்கு ஆயுதம் ஆகாதா என்கிறார்கள். முதல் பாதி உண்மை. நகரத்துப் பேராலயத்தில் இன்று யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், நாமும் பல முறை உட்கார்ந்திருக்கிறோம். ஆயுத வாதம்தான் நமக்கு ஒப்பவில்லை. எதிரி கையில் எடுக்கும் முன் நாமே பேசிவிட்டால் அது ஆயுதமாகாது. நாம் மறைத்து வைத்தால் அவன் கண்டெடுத்ததாகக் காட்டுவான். மேலும், இந்தக் கதையில் திருச்சபை வெட்கப்பட வேண்டியது பாதிதான். சுவரை எழுப்பியதும் அந்தக் கோவில், இடித்ததும் அந்தக் கோவில். இடித்த செய்தியையும் சேர்த்து மறைப்பானேன்? சாதிக் கிறிஸ்தவர் மனம் புண்படும் என்ற தயக்கம் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை. அதே தயக்கம்தான் 1745-இல் பாதிரியாரை ஆளுநர் வரை இழுத்தது.

ஆகவே உயர்மறைமாவட்ட நிர்வாகத்திடம் இந்தப் பத்தியின் வழியாக நாம் கேட்பவை சில. பழைய ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவேடுகளில் சாதி குறிக்கப்பட்டதுண்டு. அவற்றை ஆய்வாளர்கள், குறிப்பாக நம் பிள்ளைகளில் ஆராய்ச்சி செய்கிறவர்கள், முறைப்படி பார்க்க அனுமதிக்க வேண்டும். சான்றிதழ் மறுக்கப்படும் குடும்பங்களுக்கு அந்தப் பதிவுகளின் சான்று நகல் கேட்டவுடன் கிடைக்க வேண்டும். சாதி தொடர்ந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985-இல் சொன்னார்களே, அந்தச் சான்றில் ஒரு பகுதி கோவில் அலமாரியிலேயே இருக்கிறது. பாலகிருஷ்ணன் ஆணையம் போன்றவை கேட்கும்போது திருச்சபை கொடுக்க வேண்டியது கண்டன அறிக்கையைவிட இந்தப் பதிவேடுகளைத்தான். மறைமாவட்டத்தில் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் கல்லறைகள் எத்தனை என்று ஒரு கணக்கெடுத்து வெளியிட வேண்டும். இடிப்பது பிறகு, முதலில் எண்ணிக்கையைச் சொல்லட்டும்.

மற்றொன்று செலவில்லாதது. பேராலய வளாகத்தில், படமெடுக்க வரும் வெளியூர்க்காரர்களின் கண்ணில் படும் இடத்தில், ஒரு பலகை. தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். நாம் எழுதித் தரத் தயாராக இருக்கும் வாசகம் இது: ‘இவ்விடத்தில் இருந்த பழைய ஆலயத்தின் உள்ளே, வடபுறத்தில், பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் அவர்கள் முறையிட்டதன் பேரில் அச்சுவர் இடிக்கப்பட்டது. முறையிட்டவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை.’

பெருவிழாவுக்குக் கொடியேறும் முன் இந்த விண்ணப்பத்தை நேரில் கொடுக்க இருக்கிறோம். பலகைக்கான பணத்தைப் பேராலயம் தர வேண்டியதில்லை, நம் தெருக்களில் திரட்டிக்கொள்கிறோம். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நட வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் காட்டினால் போதும்.